மாச்சத்தைக் குறைத்தபின் வரும் இனிப்பு ஆசை: நாலு மணித் தேத்தண்ணியில் இருந்து தொடங்கும் செய்முறை

சோற்றையும் பாணையும் குறைத்துச் சாப்பிடத் தொடங்குகிறவர்கள் சோற்றை நினைத்து ஏங்குவது குறைவு. மீன் குழம்பும் சொதியும் சரியாக அமைந்தால் பீங்கானில் சோறு குறைந்தது சீக்கிரமே பழகிவிடும். ஆள் சறுக்குவது பின்னேரம் நாலு மணிக்கு. வெயில் கொஞ்சம் சாய்ந்து, கேத்தல் அடுப்பில் ஏறி, பாண் ஓட்டோ மெட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் திரும்புகிற நேரம் அது. சீனி பணிஸ் வாங்குவதா விடுவதா என்று யோசிக்க முன்னரே கை காசைத் தேடும்.

திருகோணமலையில் இனிப்பு ஆசை பெரும்பாலும் தேத்தண்ணியோடு சேர்ந்துதான் வருகிறது. அதனால் இந்தச் செய்முறையும் அதைச் சுற்றித்தான் போகும். மனதைக் கட்டுப்படுத்துவது பற்றி இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டை எப்படி மாற்றுவது, தேத்தண்ணியில் சீனியை எப்படி இறக்குவது என்பதுதான் முக்கால்வாசி.

தொடங்க முன்: நீரிழிவு மருந்து எடுப்பவர்கள் இதை வாசியுங்கள்

இன்சுலின் போடுபவர்களும் கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசை எடுப்பவர்களும் தாங்களாகவே மாச்சத்தைக் குறைக்கக் கூடாது. மருந்து பழைய அளவிலேயே இருக்க, சாப்பாட்டில் மாச்சத்து மட்டும் குறைந்தால் இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடும். எம்பாகிளிபுளோசின், டபாகிளிபுளோசின் எடுப்பவர்களுக்கு வேறொரு ஆபத்து உண்டு: மாச்சத்தைக் கடுமையாகக் குறைத்தால் இரத்தத்தில் கீற்றோன் அமிலம் கூடலாம். கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய், "சோற்றைக் குறைக்கப் போறன், மருந்தையும் மாற்ற வேணுமோ?" என்று டொக்டரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகளும் சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும் அப்படியே.

இன்னொன்று. கை நடுங்கி, குளிர்ந்து வியர்த்து, நெஞ்சு படபடத்து இனிப்புத் தேடினால் அதை ஆசை என்று நினைத்து அடக்கக் கூடாது. விரலில் குத்தி இரத்தச் சீனியைப் பார்த்து 70க்குக் (mg/dL) கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். பார்க்க மெஷின் இல்லாவிட்டாலும் முதலில் சீனியைக் குடியுங்கள். டயட் எல்லாம் பிறகு.

படி 1: சீனி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

நாளுக்கு 130 கிராமுக்குக் குறைவாக மாச்சத்து எடுத்தால் பொதுவாகக் குறைந்த மாச்சத்து உணவு என்பார்கள். இன்னும் கடுமையாகக் குறைக்கிற கீட்டோ உணவு என்றால் 20 முதல் 50 கிராம்தான். சமைத்த சோறு ஒரு கப்பில் ஏறக்குறைய 45 கிராம் இருக்கும். பாணில் பாதி நிறை மாச்சத்துத்தான். இதெல்லாம் பலருக்குத் தெரியும். கணக்கில் வராமல் போவது தேத்தண்ணி. குவித்து அள்ளிய ஒரு தேக்கரண்டி சீனி 6 கிராம் வரும். இரண்டு கரண்டி போட்டு நாளுக்கு நாலு தேத்தண்ணி குடித்தால் 48 கிராம். பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 25 கிராம் அளவோடு நிற்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது; தேத்தண்ணி மட்டுமே அதைத் தாண்டிவிடுகிறது. டின்பால் ஊற்றினால் சொல்லவே வேண்டாம், அதில் பாதிக்கு மேல் சீனி.

ஒரு சின்னக் கொப்பியில் மூன்று நாலு நாளைக்கு நேரத்தை மட்டும் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு இனிப்புக்கு மனம் போனது, அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள். கலோரிக் கணக்கு வேண்டாம். அனேகமாக ஒரே நேரம் திரும்பத் திரும்ப வரும். அதுதான் நீங்கள் வேலை செய்ய வேண்டிய இடம்.

கடைச் சோடா, ஜூஸ் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிற வட்டம் இருக்கும். இலங்கையில் 2016இல் இது தொடங்கியபோது 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு என்று வைத்தார்கள். சிவப்பைக் கண்டால் திருப்பி வையுங்கள். மஞ்சளைப் பார்த்து ஆறுதல் அடையவும் வேண்டாம். 10 கிராம் உள்ள சோடாவும் அந்த அளவுப்படி மஞ்சள்தான். அரை லீற்றர் போத்தலில் அது 50 கிராம்.

பனங்கட்டி, கித்துள் பாணி, தேன் பற்றிக் கேட்பீர்கள். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடிப்பது எனக்கும் பிடிக்கும். ருசி வேறு, மணம் வேறு, ஆனால் மாச்சத்துக் கணக்கில் மூன்றும் சீனிதான்.

படி 2: மத்தியானச் சாப்பாட்டைத் திருத்துங்கள்

நாலு மணி ஆசையை ஒரு மணிக்கே வெல்லலாம். மத்தியானம் சோற்றைப் பாதியாக்கிவிட்டு அந்த இடத்தை வெறுமனே விட்டால் நாலு மணிக்குப் பசிதான் வரும். அந்தப் பசி பணிஸ் வடிவத்தில் வரும்.

கடல் சுற்றிக் கிடக்கிற ஊரில் இது கஷ்டமான வேலை இல்லை. அறக்குளா, பாரை, சூரை, கும்பிளா, கணவாய் எது கிடைத்தாலும் சரி, ஆளுக்கு உள்ளங்கை அளவில் இரண்டு துண்டு வையுங்கள். விலை ஏறிய நாளில் சாளையும் நெத்தலியும் அதே வேலையைச் செய்யும். மரக்கறிச் சாப்பாட்டுக்காரர்களுக்கு முட்டை ஆகும் என்றால் இரண்டு முட்டை, ஆகாதென்றால் தயிர், சோயா மீற், கச்சான். பருப்பும் கடலையும் நல்லவைதான், ஆனால் அவற்றிலும் மாச்சத்து உண்டு என்பதால் அளவோடு.

பிறகு பீங்கானில் பாதிக்குக் கீரையும் மரக்கறியும்: வல்லாரைச் சம்பல், முருங்கையிலை வறை, புடலங்காய், பீர்க்கங்காய், கத்தரிக்காய்ப் பால்கறி. மரவள்ளி, உருளைக்கிழங்கு, வத்தாளை மூன்றையும் மரக்கறிக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தேங்காய்ப் பாலுக்குப் பயப்பட வேண்டாம், கொழுப்பு இருப்பதால்தான் வயிறு நாலு மணிவரை பேசாமல் இருக்கும். கொலஸ்ரரோலுக்கு மருந்து எடுப்பவர்கள் மட்டும் தேங்காயின் அளவை டொக்டரிடம் கேட்டு வையுங்கள். சோறு வேண்டுமென்றால் மூன்று நாலு மேசைக்கரண்டி, கடைசியில்.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாச்சத்துக் குறையும்போது உடம்பில் இன்சுலின் இறங்கும், சிறுநீரகம் வழமையைவிடக் கூடுதலாக உப்பையும் தண்ணீரையும் வெளியே விடும். முதல் கிழமையில் தலையிடியும் சோர்வும் வருவது பெரும்பாலும் இதனால்தான். ஆடி, ஆவணி வெயிலில் வியர்வையாகவும் போகும். அந்தச் சோர்வில் உடம்பு சீனி கேட்பதுபோல் தோன்றும். முதலில் ஒரு கிளாஸ் மோரில் உப்பும் பச்சை மிளகாயும் சின்ன வெங்காயமும் போட்டுக் குடித்துப் பாருங்கள். தேசிக்காய்த் தண்ணியில் சீனிக்குப் பதில் உப்புப் போட்டாலும் சரி. பிரஷர், இருதயம், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் இந்த உப்பு வேலையைத் தொட வேண்டாம்.

படி 3: தேத்தண்ணியில் சீனியை இறக்குதல்

ஒரே நாளில் சீனியை நிற்பாட்டுகிறவர்களும் உண்டு. முடியுமென்றால் செய்யுங்கள். ஆனால் எட்டிக்காய் குடிப்பதுபோல் முகத்தைச் சுளித்துக் குடித்தால் மூன்றாம் நாள் பழையபடி வந்துவிடுவீர்கள். படிப்படியாக இறக்குவதே தொடங்குகிறவர்களுக்கு நல்லது.

முதலில் சீனியைக் கண்ணால் பார்த்துப் போடுவதை விடுங்கள். கரண்டியை நிரப்பி, கத்தி முதுகால் மேலே வழித்துத் தட்டையாக்கிப் போடுங்கள். குவித்த இரண்டு கரண்டி தட்டையான இரண்டு கரண்டியாகும்போதே 12 கிராம் 8 ஆகிவிடும். நாக்குக்குப் பெரிதாகத் தெரியாது. நாலைந்து நாளைக்கு ஒருமுறை அரைக் கரண்டி குறையுங்கள். அரைக் கரண்டிக்கு வந்ததும் நின்றுவிடத் தோன்றும். அங்கே நிற்காமல் மற்றப் பக்கத்தைத் திருத்துங்கள்.

அதாவது சாயத்தை. நம் வீட்டுத் தேத்தண்ணி கசப்பதற்குக் காரணம் தேயிலையைக் கேத்தலில் போட்டுக் கொதிக்க விடுவது. சீனி இருந்தவரை அந்தக் கசப்பு மறைந்திருந்தது. கொதித்த தண்ணீரைத் தேயிலைமேல் ஊற்றி, மூடி வைத்து, மூன்று நிமிடத்தில் வடித்துவிடுங்கள். தண்ணீர் கொதிக்கும்போதே ஒரு துண்டு கறுவாப்பட்டை, தட்டிய இஞ்சி, ஒரு ஏலக்காய் போட்டுவிடுங்கள். கறுவாவில் இனிப்பு இல்லை, ஆனால் இனிப்புப் பலகாரங்களில் பழகிய மணம் என்பதால் நாக்கு கொஞ்சம் ஏமாறும். தேசிக்காய் பிழிவதென்றால் கப் கொஞ்சம் ஆறியபின் இரண்டு துளி.

பால்தேத்தண்ணிக்காரர்களுக்கு: குவித்த இரண்டு தேக்கரண்டி பால்மாவில் 4, 5 கிராம் பால்சீனி இருக்கும். ஒரு கப் என்றால் பரவாயில்லை, நாலு கப் என்றால் சேர்ந்துவிடும். காலையில் பால், மற்ற நேரம் வெறுந்தேத்தண்ணி, அல்லது ஆவரம்பூ, மல்லித் தண்ணி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

சில கிழமை போனபின் யார் வீட்டிலாவது பழைய அளவுத் தேத்தண்ணி குடித்தால் பாணி குடித்ததுபோல் திகட்டும். நாக்கு மாறிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

படி 4: கடிக்க ஒன்று வேண்டும்

தேத்தண்ணியை மட்டும் குடி என்றால் யாருக்கும் மனம் ஒப்பாது. பணிஸ், பிஸ்கற், றோல்ஸ் மூன்றும் கோதுமை மா. நாட்டுக்கே மா அரைக்கிற பெரிய ஆலை சீனக்குடாவில் நிற்கிறது, கந்தளாயில் ஒரு காலத்தில் சீனி ஆலையும் ஓடியது. சீனி ஆலை மூடிக் கன காலம், மாவையும் சீனியையும் கலந்து சாப்பிடுகிற பழக்கம் மட்டும் மூடவில்லை.

எங்கள் ஊருக்குப் பொருத்தம் எருமைத் தயிர். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் இருந்து வரும் சட்டித் தயிர் கெட்டியாக, ஆடையோடு இருக்கும். பாணி ஊற்றாமல் அதை இப்படிச் செய்து பாருங்கள்:

ஒருவருக்கு ஐந்து மேசைக்கரண்டி தயிர். ஆடையையும் சேர்த்து அள்ளுங்கள், ருசி அதில்தான். தேங்காயை மெல்லிய சீவல்களாகச் சீவி, எண்ணெய் இல்லாமல் இரும்புச் சட்டியில் சின்ன நெருப்பில் கிளறுங்கள். ஓரம் பொன்னிறமாகித் தேங்காய் மணம் எழும்பும்போது இறக்க வேண்டும். சட்டிச் சூட்டிலேயே அது இன்னும் சிவக்கும் என்பதால் உடனே பீங்கானுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் கருகும். வறுத்த தேங்காயில் ஒரு பிடி, ஒன்றிரண்டாக நொறுக்கிய கச்சான் ஒரு கரண்டி, கறுவாத் தூள், ஏலக்காய்த் தூள், ஒரு சிட்டிகை உப்பு. தயிரின்மேல் தூவி உடனே சாப்பிடுங்கள், ஊறவிட்டால் மொறுமொறுப்புப் போய்விடும். வறுத்த தேங்காய்க்கு ஒரு மெல்லிய இனிப்பு இருக்கிறது, உப்பு அதைத் தூக்கிக் கொடுக்கும்.

தயிர் இல்லாத நாளில் அவித்த முட்டை, ஒரு பிடி கச்சான், உப்புத் தூள் தொட்ட வெள்ளரிக்காய். கஜுவில் கச்சானைவிட மாச்சத்துக் கூட, விலையும் கூட. பட்டர்புருட் அருமையான பழம், ஆனால் சீனி போட்டுப் பிசைகிற பழக்கத்தை விட்டு உப்பும் மிளகுத்தூளும் தேசிக்காயும் போட வேண்டும். மற்றப் பழங்களில் கொய்யா, நெல்லி, சின்னத் துண்டு பப்பாசி. வாழைப்பழம், மாம்பழம், பலாப்பழம், பேரீச்சம்பழம் நாலும் ஆசையைக் கிளப்புகிறவை, முதல் மாதம் ஒதுக்கி வையுங்கள்.

படி 5: ஆசை வந்துவிட்ட நேரம்

ஆசை வந்தால் ஏறும், பிறகு தானாக இறங்கும். அந்தக் கொஞ்ச நேரத்தைக் கடத்தினால் போதும். தண்ணீர் குடியுங்கள், எழும்பி நடவுங்கள். டச்சுப் பே கடற்கரைக்கு நடக்கப் போவது நல்ல யோசனைதான், ஆனால் பின்னேரம் அங்கே ஐஸ்கிறீம் வண்டியும் நிற்கும். படி 4ஐ முடித்துவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றில் போனால் நடைக்கு அர்த்தமில்லை.

இரவு ஒன்பது, பத்து மணிக்கு ஆசை வருகிறதென்றால் நித்திரையைக் கவனியுங்கள். நித்திரை குறைந்தால் பசியைத் தூண்டும் ஹோர்மோன் கூடும். போனை வைத்துவிட்டுப் படுப்பது, குசினிக்குள் போய் டப்பாவைத் திறப்பதைவிட மலிவான வைத்தியம்.

செயற்கை இனிப்புக் குளிசை பற்றி: முதல் கிழமைகளில் கைத்தடியாக வைத்திருக்கலாம், அதற்குமேல் நான் சொல்ல மாட்டேன். நாக்கு இனிப்பை மறக்க அது விடாது. உடம்பு மெலிவதற்காக இவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2023இல் சொல்லிவிட்டது.

படி 6: மற்றவர் வீடும் கோயிலும்

இதுதான் உண்மையில் கஷ்டம். வீட்டுக்கு வந்தவருக்கு வெறுந்தண்ணி கொடுத்து அனுப்புகிற ஊர் இல்லை இது. தட்டு வந்தபின் வேண்டாம் என்றால் கொடுத்தவர் முகம் வாடும். அதனால் உட்காரும்போதே, அவர் குசினிக்குள் போக முன், "அக்கா, எனக்குச் சீனி போடாமல் ஒரு பிளேன்ரீ தாங்கோ, இஞ்சி இருந்தால் தட்டிப் போடுங்கோ" என்று கேட்டுவிடுங்கள். கேட்டு வாங்கிக் குடித்தால் அவருக்கும் சந்தோசம். "சீனி வருத்தமோ?" என்று கேட்பார். "இல்லையக்கா, வராமல் இருக்கத்தான்" என்றால் அனேகமாகப் பேச்சு அவருடைய கிளினிக் கதைக்குப் போய்விடும். நீங்கள் தப்பினீர்கள்.

பெருநாளுக்குப் பக்கத்து வீட்டில் இருந்து வட்டிலப்பம் வரும், தைப்பொங்கல் வரும், நவராத்திரியில் கோயிலுக்குக் கோயில் அவல், சுண்டல், சர்க்கரைப் பொங்கல். ஒன்றையும் தொடமாட்டேன் என்று சபதம் எடுக்க வேண்டாம். சாப்பாட்டுக்குப் பின், உட்கார்ந்து, ஒரு கரண்டி சாப்பிடுங்கள். வெறும் வயிற்றில் மட்டும் வேண்டாம். மிச்சத்தை அன்றே பகிர்ந்து கொடுத்துவிடுங்கள். ஒரு கரண்டி நாலு கரண்டியாகிப் போனால் அடுத்த நேரச் சாப்பாட்டைப் பட்டினி போட்டுச் சரிக்கட்டாதீர்கள், பட்டினி மறுபடி நாலு மணிப் பணிஸில் கொண்டுபோய் விடும். அடுத்த நேரம் வழமைபோல மீன், கீரை, மோர்.