கலங்கல் தண்ணீரில் மீன் தேடுவது: வாய்க்காலில் டிஎன்ஏ மாதிரி எடுக்கும் முறை

மீன், ஆமை, நீர்நாய் எல்லாமே சளி, செதில், கழிவு வழியாகத் தம் டிஎன்ஏவைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே இருக்கின்றன. அதை வடிகட்டினால், வலை போடாமலே, காவிரியின் கிளையான வெண்ணாற்றில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று கண்டறியலாம்.

தேவை: 1 லிட்டர் பாட்டில்கள், 60 மி.லி. சிரிஞ்ச், மூடிய கூடு கொண்ட வடிகட்டிகள், கையுறை, 95% எத்தனால், ஐஸ் பெட்டி. வேக்கம் பம்பு வேண்டாம். மதகு ஓரத்தில் மின்சாரம் கிடைக்காது. மூடிய வடிகட்டியில் கை படும் பயமும் இல்லை.

பாட்டில்களை 1 பங்கு பிளீச், 9 பங்கு தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் நன்றாக அலசுங்கள். பிளீச் மிச்சமிருந்தால் மாதிரியையும் அழித்துவிடும். நீரோட்டத்துக்கு எதிர்முகமாக நின்று, கால் கலக்காத மேல்பக்கத்தில் 3 பாட்டில் மொண்டுகொள்ளுங்கள். காய்ச்சி வடித்த நீர் ஒரு பாட்டிலையும் அங்கேயே திறந்து, மற்றவை போலவே வடிகட்டுங்கள். அதில் கெளுத்தி டிஎன்ஏ வந்தால், அன்றைய மாதிரிகளில் வந்த கெளுத்தியை நம்ப முடியாது.

இனிதான் சிக்கல். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. புதுத்தண்ணி வண்டலோடு வரும்போது 0.45 மைக்ரான் துளையுள்ள வடிகட்டி சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். அழுத்தித் தள்ளாதீர்கள், சவ்வு கிழியும். இறுகியிருந்த சிரிஞ்ச் திடீரென லேசாக இறங்கினால் கிழிந்துவிட்டது என்று பொருள். தெளியவிட்டு மேல்தண்ணீரை மட்டும் எடுப்பதும் தவறு. களிமண்ணில் ஒட்டிய டிஎன்ஏ அடியில் தங்கிவிடும். 1.2 முதல் 5 மைக்ரான் வரையுள்ள வடிகட்டிக்கு மாறுங்கள். மீனின் டிஎன்ஏ பெரும்பாலும் செல்களாகவும் திசுத் துணுக்குகளாகவும் மிதப்பதால் இழப்பு குறைவு. ஒன்று அடைத்தால் அடுத்ததை மாட்டி, ஒவ்வொன்றிலும் எத்தனை மி.லி. போனது என்று எழுதிவையுங்கள். அந்த எண் இல்லாமல் இடங்களை ஒப்பிடவே முடியாது.

வடிகட்டியதும் உள்ளே எத்தனால் நிரப்பி, மூடி, ஐஸில் வையுங்கள். நம் வெயிலில் டிஎன்ஏ வேகமாகச் சிதையும். (குளத்து அடிவண்டலில் பழங்கால டிஎன்ஏ தேடுவதற்கும் இந்த வெப்பம்தான் பெரிய தடை. கிரீன்லாந்தில் 20 லட்சம் ஆண்டுப் பழைய டிஎன்ஏ கிடைத்ததற்கு உறைபனியே காரணம்.)

ஆய்வகத்தில் மீன் இனங்களை அடையாளம் காண உதவும் 12எஸ் மரபணுத் துண்டைப் பெருக்கச் சொல்லுங்கள். எதுவுமே வரவில்லையென்றால் மீன் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். வண்டலோடு வரும், மக்கிய இலைதழையிலிருந்து உருவாகும் ஹ்யூமிக் அமிலம், டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் வினையைத் தடுக்கும். பிரித்தெடுத்த டிஎன்ஏவை 10 மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டினால் பல நேரம் சரியாகிவிடும்.

முடிவில் மத்தி, சூரை வந்தால் அது சமையல் கழிவோ சந்தைச் சாக்கடையோ. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி வந்தால் மேல்பக்கம் நகர்ந்து, பண்ணைக்குட்டை வடிகால்களுக்கு மேலும் கீழும் தனித்தனியே மாதிரி எடுங்கள். டிஎன்ஏ ஓட்டத்தோடு கிலோமீட்டர் கணக்கில் போகும். கிடைத்த இடம் மீன் இருக்கும் இடமாக இருக்க வேண்டியதில்லை.

பின்சேர்க்கை: முத்துப்பேட்டை அலையாத்திப் பக்கம் எடுப்பவர்கள் கடல் ஓதம் இறங்கும் நேரத்தின் கடைசியில் எடுங்கள். ஓதம் ஏறும்போது எடுத்தால் கடல் மீன்களே பட்டியலை நிரப்பிவிடும்.