ஷெட்லாந்து ஃபிடிலும் கேலிக் பாட்டும்: கேட்பவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நார்வே ஃபிடிலும் (வயலின்), ஸ்காட்லாந்தின் ரீல் என்ற ஆட்ட இசையும், ஸ்காட்லாந்தில் பேசப்படும் கேலிக் மொழிப் பாட்டும் கலந்த இசையை இணையத்தில் தேடினால், முதலில் கண்ணில் படுவது பனிமூட்டமும் கொம்பு வைத்த தலைக்கவசமும் போட்ட அட்டைப்படம்தான். மேலே ‘செல்டிக்’ என்றோ ‘வைக்கிங்’ என்றோ எழுதியிருக்கும். இந்த இசையைக் கேட்க ஆசைப்படுகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். அந்த இரண்டு சொற்களையும் நம்பி உள்ளே போனால், யார் என்ன வாசிக்கிறார்கள் என்பதே காதில் விழாமல் போய்விடும். எல்லாம் ஒரே மூட்டமாகத் தெரியும்.

ஷெட்லாந்திலிருந்து தொடங்கலாம். வரைபடத்தில் ஸ்காட்லாந்துக்கு மேலே கிடக்கும் இந்தத் தீவுக்கூட்டத்தின் இசையைப் பலர் கேலிக் இசை என்று எழுதுகிறார்கள். அது தவறு. ஷெட்லாந்தின் மொழி கேலிக் அல்ல. அங்கே பல நூற்றாண்டுகள் பேசப்பட்டது நார்ன் என்ற மொழி. அது பழைய நார்ஸ், அதாவது வைக்கிங் காலத்து ஸ்காண்டிநேவிய மொழியின் கிளை. 1469இல் டென்மார்க்–நார்வே அரசர் முதலாம் கிறிஸ்டியன், ஸ்காட்லாந்து அரசர் மூன்றாம் ஜேம்ஸுக்குத் தன் மகள் மார்கரெட்டைக் கொடுத்தபோது, வரதட்சணைப் பணத்துக்கு ஈடாகத் தீவுகளை அடகு வைத்தார். அடகு மீளவே இல்லை. நார்ன் மெல்ல மறைந்து, ஆங்கிலத்தின் உறவான ஸ்காட்ஸ் மொழியோடு கலந்த ஷெட்லாந்து வழக்கு வந்தது. இன்றைக்கும் லெர்விக் துறைமுகத்திலிருந்து நார்வேயின் பெர்கன் நகரமும் ஸ்காட்லாந்தின் அபர்டீனும் ஏறக்குறைய ஒரே தூரம்தான்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ஹெப்ரிடீஸ் தீவுகளின் கதை இதற்கு எதிர்ப்பக்கம். மொழி கேலிக், ஆனால் 1266இல் பெர்த் உடன்படிக்கைப்படி ஸ்காட்லாந்து கைக்குப் போகும் வரை ஆண்டது நார்வே மன்னர்கள். கேலிக் மொழி பேசியவர்களே அந்தத் தீவுகளுக்கு வைத்த பெயர் ‘இன்ஷெ கால்’, அதாவது அந்நியரின் தீவுகள். கேலிக் பண்பாட்டின் மிகப் பெரிய ஆண்டுப் போட்டிக்கு ‘மோட்’ என்று பெயர்; 1892இல் ஓபன் நகரில் தொடங்கியது. அந்தச் சொல்லே பழைய நார்ஸ் மொழியில் ‘கூட்டம்’ என்ற பொருளுடைய ‘மோட்’ என்பதிலிருந்து வந்ததுதான். ஆக, கேலிக் வேறு நார்டிக் வேறு என்று கோடு போட்டுப் பிரிப்பதும் சரியல்ல, இரண்டும் ஒன்றே என்று சொல்வதும் சரியல்ல. எந்தத் தீவு, எந்த மொழி என்று ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அடுத்தது ‘வைக்கிங்’. ஃபிடில் கேட்டவுடன் ஆயிரம் வருடப் பழமை என்று மெய்சிலிர்ப்பவர்கள் உண்டு. வைக்கிங் காலம் 11ஆம் நூற்றாண்டோடு முடிந்துவிட்டது. நார்வேக்கே உரிய ஹார்டாங்கர் ஃபிடில்களில் மிகப் பழையதாகக் கருதப்படுவதில் இருக்கும் ஆண்டு 1651. ஷெட்லாந்தில் இன்றுள்ள வயலின் வேரூன்றியது அதற்கும் பிறகு. அதற்கு முன் அங்கே ‘கூ’ என்ற இரட்டைத் தந்தி வாத்தியம் வில்லால் வாசிக்கப்பட்டது. அது இப்போது இல்லை. ஷெட்லாந்து வாசிப்பும் நார்வே வாசிப்பும் ஒத்துப்போவது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் தேட வாளும் கேடயமும் வேண்டாம். மீன்பிடிப் படகும் வியாபாரமும் கிரீன்லாந்துக்குத் திமிங்கல வேட்டைக்குப் போன கப்பலும் போதும். அந்தக் கப்பல்களில் ஷெட்லாந்து ஆட்களோடு ஃபிடிலும் போனது.

பெயரை வைத்து ஊரைச் சொல்வதும் இதே வகைத் தவறு. சுவீடனில் ‘ஷோட்டிஸ்’ என்றொரு ஆட்டம் உண்டு. பெயருக்குப் பொருள் ‘ஸ்காட்லாந்தினுடையது’ என்பதுபோல இருப்பதால், ஸ்காட்லாந்திலிருந்து போனது என்று எழுதிவிடுகிறார்கள். அது 19ஆம் நூற்றாண்டில் நடு ஐரோப்பாவிலிருந்து பரவிய ஜோடி ஆட்டம்.

சரி, இப்போது தாளத்துக்கு வருவோம். என் கணக்கில் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு நடக்கும் இடம் இதுதான்.

மேசையில் மூன்று தட்டு, ஒரே இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். வால்ட்ஸ் மாதிரி இருக்கும். இப்போது முதல் தட்டைக் கொஞ்சம் இழுங்கள், இரண்டாவதை உள்ளபடி விடுங்கள், மூன்றாவதைச் சட்டென்று முடித்துவிட்டு மறுபடி முதலுக்குப் போங்கள். நீளம், நடு, குட்டை. நார்வேயின் டெலமார்க் பகுதி ஸ்பிரிங்கார் ஆட்டத்தின் நடை இது. வால்ட்ரஸ் பள்ளத்தாக்குக்குப் போனால் அதே ஸ்பிரிங்கார் குட்டை, நீளம், நடு என்று மாறிவிடும். மூன்று என்ற எண்ணிக்கை மாறவில்லை. மூன்றும் சமமில்லை, அவ்வளவுதான். வாசிப்பவரின் இரண்டு கால்களும் தரையில் அதைத் தட்டிக்கொண்டே இருக்கும். அந்தக் கால்சத்தம் பதிவில் தவறி விழுந்த இரைச்சல் அல்ல, வாத்தியத்தில் பாதி.

நான் முதலில் ஸ்பிரிங்கார் கேட்டபோது, வாசிப்பவர் தாளம் தவறுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆடுபவர்களின் முழங்கால் எங்கே மடங்குகிறது, எங்கே எழுகிறது என்று ஒரு காணொளியில் பார்த்த பிறகுதான் விளங்கியது. தாளம் கணக்கில் இல்லை, உடம்பின் ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. இதைக் கணினியில் போட்டுச் சமமான கட்டங்களுக்குள் நேராக்கி, மேலே ஒரு டிரம் வைத்தால் ஸ்பிரிங்கார் செத்துவிடும். கலப்பிசை செய்பவர்கள் பலர் இதைத்தான் செய்கிறார்கள்; கேட்பவர்களும் ‘சுத்தமாக இருக்கிறது’ என்று பாராட்டுகிறோம்.

ஸ்காட்லாந்துப் பக்கத்தில் இதற்கு இணையான ஆபத்து ஸ்டிராத்ஸ்பே என்ற ஆட்ட இசைக்கு வரும். அதன் உயிர் ‘ஸ்னாப்’ என்று அவர்கள் சொல்லும் வெட்டு: குட்டை ஸ்வரம் முன்னால், நீள ஸ்வரம் பின்னால். கேலிக் மொழியில் அழுத்தம் சொல்லின் முதல் அசையில் விழும். ‘புர்ஷ்ட் அ பியல்’ எனப்படும் வாய்ப்பாட்டில், ஆட்டத்துக்கு வாத்தியம் இல்லாத இடத்தில் வாயாலேயே ஸ்டிராத்ஸ்பே பாடுவார்கள். அதைக் கேட்டுப் பழகினால், ஃபிடிலில் அந்த வெட்டு எவ்வளவு கூராக வர வேண்டும் என்று காதே சொல்லிவிடும். மென்மையாக இருக்கட்டும் என்று வெட்டை மழுக்கினால், அப்புறம் ஆட யாருக்கும் கால் எழாது.

பாட்டில் நடக்கும் தவறு வேறு மாதிரி. கேலிக் பாட்டு என்றாலே மெதுவான, சோகமான, தேவதைத்தனமான ஒன்று என்று ஓர் எண்ணம் பரவிவிட்டது. கேலிக் மரபில் புலம்பல் உண்டு, பேரழகான புலம்பல்கள். ஆனால் ‘ஒரான் லுவாயி’ என்ற துணி அடிக்கும் பாட்டுகளைப் பாருங்கள். தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணி தளர்வாக இருக்கும். அதை இறுக்க வேண்டும். பழைய மூத்திரத்தில் ஊறவைத்த ஈரத்துணியை நீண்ட பலகையில் போட்டு, இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து, ‘தப், தப்’ என்று பலகையில் அறைந்து, பக்கத்து ஆளிடம் தள்ளிக்கொண்டே போவார்கள். துணி பலகையைச் சுற்றி வரும். ஒருத்தி வரியைப் பாடுவாள். மற்றவர்கள் ‘ஹீ ரி, ஹோ ரோ’ என்பதுபோன்ற அசைகளால் எடுப்பார்கள். காதல், கேலி, கடலில் போன அண்ணன், ஊர்ப் பெண்களின் வாய்ச்சண்டை எல்லாம் அதில் வரும். தலைவி பாடி முடிக்கும்வரை துணி இறுகிக்கொண்டே இருக்கும்.

அந்த அசைகள் இட்டு நிரப்பிய வெற்றுச் சத்தம் என்று நினைப்பது பெரிய தவறு. ஒவ்வொரு பாட்டுக்கும் அதன் அசைக்கோவை பெரும்பாலும் நிலையானது. பாட்டை அடையாளம் காண்பதே அதை வைத்துத்தான். வரிகள் ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், அசைகள் அவ்வளவு எளிதில் தாவா. ஸ்காட்லாந்தின் கேப்பர்கெய்லி குழு 1992இல் பிரிட்டனின் முதல் 40 பாட்டு வரிசைக்குள் கொண்டுபோனது இப்படிப்பட்ட ஒரு பழைய துணிப்பாட்டைத்தான். கேலிக் பாட்டு ஒன்று அந்த வரிசையில் ஏறியது அதுவே முதல்முறை. நவீன வாத்தியங்கள் நிறைய இருந்தும் அதில் உந்துதல் குறையவில்லை. நார்வே ஃபிடிலோ சுவீடனின் நிக்கல்ஹார்ப்பா என்ற கட்டை வைத்த வில் வாத்தியமோ துணிப்பாட்டோடு சேர்ந்தால், பலகையில் விழும் அந்த அறையைத் தாங்க வேண்டும். அடியில் நீளமான மூட்டச் சத்தத்தை விரித்து வேகத்தைப் பாதியாக்கினால், பாட்டுக்கு இருந்த வேலை போய்விடுகிறது.

சுருதி விஷயத்தில் ஒன்று. ஹார்டாங்கர் ஃபிடிலில் வில் தொடும் 4 தந்திகளுக்கு அடியில் இன்னும் 4 அல்லது 5 தந்திகள் ஓடும். அவற்றை யாரும் தொடுவதில்லை. மேல்தந்தி ஒலிக்கும்போது தானாக அதிரும். பாட்டுக்குப் பாட்டு சுருதி கூட்டலை மாற்றுவார்கள்; அப்படி 20க்கும் மேற்பட்ட கூட்டல்கள் வழக்கத்தில் உண்டு. ஷெட்லாந்துக்காரர்களும் பக்கத்துத் தந்தியைச் சேர்த்து ஒலிக்கவிட்டே வாசிப்பார்கள். ஸ்காட்லாந்தின் பேக்பைப்புக்கு 9 ஸ்வரம்தான். அவையும் பியானோக் கட்டைகளோடு முழுக்க ஒட்டாது. நார்வேயின் வில்லோ புல்லாங்குழலுக்குத் துளையே கிடையாது, அதில் பிறக்கும் ஒரு ஸ்வரம் சுத்த மத்திமத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் நடுவில் நிற்கும். இதையெல்லாம் அபஸ்வரம் என்று ஒதுக்கவோ மென்பொருளால் திருத்தவோ கூடாது. மூன்று மரபுகளும் உண்மையாகவே சந்திக்கும் இடம் விடாமல் ஒலிக்கும் அந்த ஆதார சுருதிதான்.

ஸ்காண்டிநேவிய வடகோடியின் பூர்வகுடிகளான சாமி மக்களின் யோய்க் என்ற பாடல் மரபு பற்றி இரண்டு வரி. அது நார்வே நாட்டுப்புற இசையின் ஒரு கிளை அல்ல. தனி மக்களின் தனி மரபு. மிஷனரிகள் பாவமென்று பழித்ததையும் பள்ளிகள் விலக்கியதையும் தாண்டி வந்தது. ஓர் ஆளுக்கென்று பிறந்த யோய்க் அந்த ஆளுக்கே உரியது. மேடையில் வடக்கத்திய வாசனை வரட்டும் என்று யாரோ ஒருவருடையதைத் தூவுவது கலப்பு இல்லை, எடுத்துக்கொள்வது.

கடைசியாக, பெயர் போடும் விஷயம். சுவீடனில் பொல்ஸ்கா என்ற ஆட்ட மெட்டு ஒன்றைச் சொல்லும்போது ‘இன்னாருக்குப் பின்’, அதாவது இன்னாரிடமிருந்து வந்தது என்று சேர்த்துச் சொல்வார்கள். 1847இல் இறந்துபோன ஊப்லாந்துக் கலைஞர் பிஸ்-கால்லேயின் பெயர் இன்றும் இப்படித்தான் மேடைகளில் வாழ்கிறது. அந்த ‘பின்’ என்ற சொல்லை வெட்டிவிட்டு ‘பாரம்பரியம்’ என்று மட்டும் போடுவது, கடிதத்திலிருந்து முகவரியைக் கிழிப்பது போன்றது. ஷெட்லாந்தின் ‘டா ஸ்லாகிட் லைட்’ என்ற ஃபிடில் மெட்டு பல இடங்களில் பாரம்பரியம் என்றே பதிவாகியிருக்கிறது. அதை ஷெட்லாந்து ஃபிடில் கலைஞர் டாம் ஆண்டர்சன் 1969இல் இயற்றினார். தான் பிறந்த ஈஷனஸ் பகுதியில் ஒரு காலத்தில் வீடு வீடாக எரிந்த விளக்குகள் குறைந்துபோயிருந்ததைப் பார்த்த வருத்தத்தில் பிறந்தது. தலைப்பின் பொருள் அணைந்த விளக்கு. கேலிக், ஸ்காட்ஸ் பதிவுகளில் மூலத்தைத் தேட ‘டோபர் அன் துவல்ஹைஷ்’ என்ற இணையக் காப்பகம் இருக்கிறது. பெயருக்கு மரபின் ஊற்று என்று பொருள். தீவுகளில் பாட்டிகள் அடுப்படியில் பாடிய குரலையே அங்கே கேட்கலாம்.

முதலில் எதைக் கேட்பது என்றால், நான் நார்டிக் ஃபிட்லர்ஸ் பிளாக் என்ற குழுவைச் சொல்வேன். ஷெட்லாந்தின் கெவின் ஹெண்டர்சன், நார்வேயின் ஊலாவ் லுக்ஸெங்கோர் மியெல்வா, சுவீடனின் ஆன்டர்ஸ் ஹால், மூன்றே பேர். கிட்டாரும் இல்லை, டிரம்மும் இல்லை. ஷெட்லாந்து ரீல் வரும்போது மற்ற இருவரும் ஹெண்டர்சனின் வில்லைப் பின்தொடர்வார்கள். நார்வே ஆட்டம் வந்தால் பொறுப்பு மியெல்வாவிடம் போகும். அடுத்து, ஸ்காட்லாந்து மேட்டுநிலத்திலிருந்து நார்வேயில் குடியேறி சாதாரண ஃபிடிலும் ஹார்டாங்கர் ஃபிடிலும் வாசிக்கும் சாரா-ஜேன் சம்மர்ஸ். கேலிக் பாட்டுக்கு வடக்கு ஊயிஸ்டின் ஜூலி ஃபவ்லிஸ். ஒரு பாட்டை மூன்று முறை கேளுங்கள்: முதல் முறை கால்களை மட்டும், இரண்டாம் முறை அடியில் ஒலிக்கும் சுருதியை மட்டும், மூன்றாம் முறை முழுப் பாட்டையும்.