உறைகுளிரில் கடைக் கண்ணாடியின் பழைய வைனில் எழுத்துகளைக் கழற்றுவது எப்படி?

கனடாவின் ஸ்காபுறோ பக்கம் ஜனவரியில் கடை ஒன்றைக் கைமாறி எடுத்தால், முன்பு இருந்தவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் முகப்புக் கண்ணாடியில் அப்படியே இருக்கும். வசந்தம் வரை பொறுக்க முடிந்தால் பொறுங்கள். முடியாதவர்களுக்குத்தான் இந்தச் செய்முறை.

வைனில் என்பது பிவிசி என்ற பிளாஸ்டிக்கால் ஆன மெல்லிய படலம். அதை நெகிழ்வாக வைத்திருக்கும் பொருள் வருடக்கணக்கில் வெயிலில் போய்விடும். மிச்சமுள்ள நெகிழ்வும் குளிரில் மறைய, இழுத்த இடத்தில் அப்பளமாக நொறுங்கும். அடியில் உள்ள பசையும் இறுகிவிடும். ஆகவே சூடு தேவை. ஆனால் கண்ணாடியை உடைப்பதும் அதே சூடுதான்.

1. முதலில் கண்ணாடியைப் பாருங்கள்

நகத்தால் தடவினால் எழுத்து உள்ளேயா வெளியேயா என்று தெரியும். உள்ளே என்றால் பாதிக் கவலை இல்லை. கடை ஹீட்டரை முதல்நாள் இரவே போட்டுவிடுங்கள். வெளியே என்றால், கண்ணாடி ஒற்றையா இரட்டையா என்று பாருங்கள். இரட்டைக் கண்ணாடியில் உள்ளிருந்து சூடாக்கிப் பயனில்லை, நடுவில் உள்ள இடைவெளி சூட்டை மறித்துவிடும். மூலையில் 'டெம்பர்ட்' (சூடாக்கிச் சட்டென ஆறவைத்து வலுவாக்கிய கண்ணாடி) முத்திரை இருக்கிறதா என்றும் தேடுங்கள். உட்பக்கம் வெயில் தடுப்புப் படலம் ஒட்டியிருந்தால் அந்தப் பக்கம் பிளேடே வைக்காதீர்கள்.

2. ஆறுதலாகச் சூடாக்குங்கள்

சாதாரணக் கண்ணாடியில் ஓரிடத்துக்கும் மற்ற இடத்துக்கும் ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ் வித்தியாசம் வந்தாலே வெடிப்பு விழலாம். வெளியே மைனஸ் 10 என்றால், எழுத்து இருக்கும் இடம் 30 பாகைக்கு வந்ததுமே அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறீர்கள்! அதனால் கொதிநீர் வேண்டவே வேண்டாம். பழக்கமில்லாத கையில் ஹீட் கன்னும் (கடும் சூட்டுக் காற்றை ஊதும் கருவி) வேண்டாம். தலைமுடி உலர்த்தும் டிரையர் போதும். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல், எழுத்தையும் அதைச் சுற்றியும் அசைத்துக்கொண்டே இருங்கள். தொட்டால் குளிரவில்லை என்ற அளவு போதும், சுட வேண்டியதில்லை. கண்ணாடியின் ஓரங்களில் இன்னும் கவனம், வெடிப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். மைனஸ் 10க்கும் கீழே போனால் அன்று விட்டுவிடுங்கள். வெயில் நேராக விழும் மத்தியானமே நல்ல நேரம்.

3. உரியுங்கள்

பிளாஸ்டிக் பிளேடால் எழுத்தின் ஒரு முனையைக் கிளப்புங்கள். நேராக வெளியே இழுக்காமல், மடித்துக் கண்ணாடியை ஒட்டியபடி மெதுவாக இழுங்கள். மெதுவாக இழுத்தால் பசையின் பெரும்பகுதி வைனிலோடு வந்துவிடும். நொறுங்கத் தொடங்கினால் நிறுத்தி மறுபடி சூடு காட்டுங்கள். ஒரு எழுத்து முடிந்த பிறகே அடுத்தது.

4. மிச்சத்தைச் சுரண்டுங்கள்

டிரையரைக் கழற்றித் தூர வைத்துவிட்டுத்தான் இந்தப் படி, ஏனென்றால் இனி தெளிப்பது தீப்பற்றக்கூடியது. சோப்புத் தண்ணீர் கண்ணாடியிலேயே உறைந்துவிடும். அதற்குப் பதில் காரின் முன்கண்ணாடியில் தெளிக்கும், குளிரில் உறையாத வாஷர் திரவத்தையோ ஐசோப்ரோபைல் ஆல்கஹாலையோ போத்தலில் ஊற்றித் தெளியுங்கள். வாஷர் திரவத்தில் உள்ள மெத்தனால் நஞ்சு. கையுறை போடுங்கள், கடைக்குள்ளே பாவிக்காதீர்கள்.

புது உருக்கு பிளேடைச் சாய்த்துப் பிடித்து முன்னோக்கி மட்டும் தள்ளுங்கள். பின்னால் இழுத்தால் அடியில் சிக்கிய மணல் கோடு போட்டுவிடும். ஈரம் காய விடாதீர்கள். டெம்பர்ட் கண்ணாடியென்றால் பிளாஸ்டிக் பிளேடோடு நிற்பது நல்லது. அதன் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் நுண்துகள்களை உருக்கு பிளேடு இழுத்துக் கீறல் விழுத்தலாம்.

5. பசையும் நிழலும்

பிசுபிசுப்புக்கு ஆல்கஹால் நனைத்த துணியைச் சில நிமிடம் வைத்துத் துடையுங்கள். எண்ணெய்ப் பதமான பசை நீக்கி பாவித்தால், கடைசியில் ஆல்கஹாலால் இன்னொரு தடவை துடைக்க வேண்டும்.

எல்லாம் போன பிறகும் பழைய பெயர் மங்கலாகத் தெரியலாம், கண்ணாடியில் ஆவி படிந்தால் இன்னும் தெளிவாக. எழுத்து மூடியிருந்த இடம் வெயில் மழை படாமல் இருந்ததே காரணம். சீரியம் ஆக்சைடு கலந்த கண்ணாடிப் பாலிஷ் பெரும்பாலும் இதைக் குறைக்கும். அந்தத் தேய்ப்புக்குத் தண்ணீர் வேண்டும் என்பதால் உறைபனி விட்ட பிறகு செய்யுங்கள். புது எழுத்தை வெளியே ஒட்டுவதற்கும் அதுவரை பொறுங்கள், வைனில் தயாரிப்பாளர் குறிப்பிடும் குறைந்தபட்ச ஒட்டும் வெப்பநிலைக்குக் கீழே ஒட்டினால் பசை பிடிக்காது.