கழிவுநீர்த் தொட்டியைத் தூர்வார ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுக்கும் முறை

எங்கள் சாயப்பட்டறையின் கழிவுநீர்ச் சேகரிப்புத் தொட்டியைத் தூர்வார விலைப்புள்ளிகள் வாங்கி, இருப்பதிலேயே குறைந்ததற்குக் கையொப்பமிடும் நிலைவரை சென்று பின்வாங்கியவன் நான்.

முதலில் ஆவணங்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு), பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) சலானில் தொகை மட்டுமே இருக்கும் என்பதால், பெயர்வாரியான பங்களிப்புப் பட்டியலை வாங்கி, வேலைக்கு வரப்போகிறவர்களின் பெயர்களோடு ஒப்பிடுங்கள். ஒப்பந்ததாரர் இ.எஸ்.ஐ. பங்களிப்பைச் செலுத்தத் தவறினால், முதன்மை வேலையளிப்பவர், அதாவது ஒப்பந்ததாரருக்கு வேலையைக் கொடுத்தவர் என்ற முறையில் அது நம் தலையில்தான் விழும்.

அடுத்து, ஆள் இறங்காமலேயே உறிஞ்சு லாரியால் எவ்வளவு வேலை முடியும் என்று கேளுங்கள். இதைத் தாமாகவே முன்வந்து சொல்பவருக்கே என் முதல் மதிப்பெண்.

நான் சறுக்கிய இடம் வாயுப் பரிசோதனை. தொட்டியைப் பார்வையிட வந்த ஒப்பந்ததாரர் மேன்ஹோல் வாயில் மீட்டரைப் பிடித்தார், ஆக்சிஜன் 20.9 சதவீதம் காட்டியது, நானும் நிறைவடைந்தேன். எங்கள் பாதுகாப்பு அலுவலர் மீட்டரின் குழாயை அடிவரை இறக்கச் சொல்லி, நீண்ட மூங்கிலால் சேற்றைக் கிளறியதும் மீட்டர் அலறத் தொடங்கியது. கழிவு அழுகும்போது உண்டாகும் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. சேற்றுக்குள் அடைபட்டுக் கிடந்து, கிளறும்போது வெளியேறும். அழுகிய முட்டை நாற்றத்தை நம்பவும் முடியாது. அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும். ஆகவே மேல், நடு, அடி ஆகிய மூன்று நிலைகளிலும் அளந்து, வேலை முடியும்வரை தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள்ளும், ஹைட்ரஜன் சல்பைடு 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கு காற்றில் 10 பங்கு) கீழும் இருப்பது அவசியம். ஆக்சிஜன், ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு, எரியும் வாயு ஆகியவற்றை அளக்கும், பம்ப் இணைந்த நான்கு வாயு மீட்டரையே நான் விரும்புகிறேன். மீட்டர் சரியாக அளக்கிறது என்பதற்கான அளவுத்திருத்தச் சான்றின் தேதியையும் பாருங்கள்.

கடைசியாக, "உள்ளே இறங்கியவர் மயங்கினால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "இன்னொருவர் இறங்கித் தூக்கிவிடுவார்" என்று சொல்பவரை அப்போதே அனுப்பிவிடலாம். இத்தகைய விபத்துகளில் காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்தே இறக்கிறார்கள். தொட்டி வாயின் மேல் நிறுத்தும் முக்காலித் தாங்கி, கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச், இறங்குபவர் அணியும் உடல்வார் ஆகியவற்றைக் கொண்டுவரச் செய்து, ஒரு மணல் மூட்டையைக் கட்டி மேலே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். துணி முகமூடி ஆக்சிஜன் குறைந்த இடத்தில் பயன்படாது. வெளிக்காற்றை வழங்கும் சுவாசக் கருவி வேண்டும்.

பிற்சேர்க்கை: கேன்டீன் பின்புறமுள்ள செப்டிக் டேங்க்கையும் அதே ஆட்களை இறக்கி முடித்துவிடலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். உரிய பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் அதில் ஆளை இறக்குவது மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டுகள் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அதற்கு உறிஞ்சு லாரியை மட்டும் தனியாக அழையுங்கள்.