செயலியில் அனிமேஷன் அதிகமானால்

மெனு வழுக்கிக்கொண்டு திறப்பது முதல் முறை அழகுதான். அதையே நாள் முழுக்கத் திறந்து மூடுபவருக்கு அது வெறும் காத்திருப்பு. அடிக்கடி தொடும் இடங்களில் அனிமேஷனை 100 முதல் 200 மில்லிசெகண்டுக்குள் முடித்துவிடுங்கள்; முழுத் திரை மாறும்போதும் 300 போதும். கீபோர்ட் ஷார்ட்கட்டில் திறப்பவற்றுக்கு அனிமேஷனே வேண்டாம்.

திரை திக்கித் திக்கி நகர்ந்தால், எந்தப் பண்பை அசைக்கிறீர்கள் என்று பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரையை ஒருமுறை வரைவதற்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிசெகண்ட். இணையப் பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் விட்த் (அகலம்), ஹைட் (உயரம்), டாப், லெஃப்ட் (இருக்கும் இடம்) போன்றவற்றை அசைத்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் பக்க அமைப்பை பிரவுசர் மறுபடி கணக்கிட வேண்டும். விலை குறைந்த போனில் அதற்கு நேரம் போதாது. டிரான்ஸ்ஃபார்ம் (நகர்த்துவது, பெரிதாக்குவது, சுழற்றுவது), ஒபாசிட்டி (ஒளிபுகாத் தன்மை) இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதில் உடல்நலமும் இருக்கிறது, இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். 2013-ல் ஐபோனுக்கான ஐஓஎஸ் 7 வந்தபோது, பெரிதாகிச் சுருங்கும் திரை மாற்றங்களால் தலைசுற்றல், குமட்டல் வருவதாகப் பயனர்கள் புகார் செய்தார்கள். 7.0.3 பதிப்பில், அசைவைக் குறைக்கும் செட்டிங்கைப் போட்டால் அந்த ஜூம் போய், திரை மெல்ல மங்கி மாறும்படி ஆப்பிள் செய்தது. இணையதளத்தில் 'பிரிஃபர்ஸ் ரெட்யூஸ்டு மோஷன்' என்ற மீடியா குவெரி (பயனரின் செட்டிங்கைப் பார்க்கும் சிஎஸ்எஸ் நிபந்தனை) மூலம் அவர் விருப்பத்தை அறிந்து, நகர்வையும் பாரலாக்ஸையும் (பின்னணியும் முன்னணியும் வெவ்வேறு வேகத்தில் நகர்வது) நிறுத்துங்கள். நிறம் மாறுவது, மங்குவது இருக்கலாம்.

சோதிக்க எளிய வழி: ஆண்ட்ராய்டின் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் மூன்று அனிமேஷன் ஸ்கேல்களையும் ஆஃப் செய்து செயலியை ஓட்டுங்கள். எங்கே குழப்பம் வருகிறதோ அங்கே மட்டும் அனிமேஷன் தேவை.