டிட் வந்தால் வென்ட் வராது

கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டு முன்னறையில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் ஏழு பேருக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் இறந்தகாலம் நடத்துவேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். அடுத்த சனி பழையபடி 'ஐ டிடின்ட் கோ' என்பதற்கு 'ஐ டிடின்ட் வென்ட்'.

ஒருநாள் அலுத்துப்போய்த் தமிழிலேயே கேட்டேன். "போனேன் என்பதற்கு எதிர்மறை என்ன?"

"போகவில்லை, டீச்சர்."

"அதில் 'போன' எங்கே?"

சற்று நேரம் சத்தமில்லை. பின்னால் இருந்த பெடியன் மட்டும் சிரித்தான். நாமும் 'போனவில்லை' என்று சொல்வதில்லையே! தமிழில் 'இல்லை' வந்ததும் வினை 'போக' ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் காலத்தை 'டிட்' தூக்கிக்கொள்ள, வினை வெறும் 'கோ' ஆக நிற்கிறது. கேள்விக்கு மட்டும் இந்த ஒப்புமை உதவாது. 'போனாயா' என்பதில் தமிழ் காலத்தை விடாது.

சரி, விளங்குவது வேறு, வாயில் வருவது வேறு. சனி வகுப்பை உடைத்து, கிழமையில் ஐந்து நாள் இருபது நிமிடமாக்கினேன். ஆளுக்கொரு கொப்பி. நேற்று நடந்தவை மூன்று, நடக்காதவை இரண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு கேள்வி. காலி வீதி பஸ் நெரிசல், கடற்கரை கிரிக்கெட், அம்மாவிடம் வாங்கிய ஏச்சு எல்லாம் வந்தன. பிழைக்குக் கீழே கோடு மட்டும் போடுவேன். திருத்துவது அவர்கள் வேலை.

இரண்டு மாதத்தில் 'டிடின்ட் வென்ட்' கிட்டத்தட்ட ஒழிந்தது. கேள்வியில் இன்னும் எப்போதாவது தலைகாட்டும். இப்போதைய தலையிடி, ஆங்கில 'த' (the) எங்கே போடுவது என்பது.