சின்ன டேப்லெட்டா, பெரிய டேப்லெட்டா? வாங்கும் முன் வீட்டிலேயே செய்து பார்க்க வேண்டியவை

டேப்லெட் வாங்கப் போகிறவர்கள் ரேம் எவ்வளவு, கேமரா எப்படி, எந்தக் கம்பெனி நல்லது என்றெல்லாம் விசாரிப்பார்கள். அளவைப் பற்றிக் கடைசியில்தான் யோசிப்பார்கள். ஆனால் வாங்கிய பிறகு தினமும் கைக்கும் கண்ணுக்கும் தெரியப்போவது அந்த அளவுதான். ரேம் கொஞ்சம் குறைந்தால் பொறுத்துக்கொள்ளலாம். கைக்குச் சரிவராத டேப் அலமாரிக்குப் போய்விடும். அதனால் அளவை முதலில் முடிவு செய்துவிட்டு மற்றதைப் பாருங்கள். கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே இதைச் செய்துவிடலாம். ஒரு ஏ4 தாள், ஒரு ஸ்கேல், கொஞ்சம் அட்டை இருந்தால் போதும்.

படி 1: இன்ச் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

பெட்டியில் 8 இன்ச், 11 இன்ச் என்று போட்டிருப்பது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரையுள்ள நீளம். மூன்று இன்ச்தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் இந்த நீளம் கூடக் கூட, பரப்பு அதைவிட வேகமாகக் கூடும். ஒரே வடிவத் திரைகளை எடுத்துக்கொண்டால், 11 இன்ச் திரையின் பரப்பு 8 இன்ச் திரையைப் போல ஏறக்குறைய 1.9 மடங்கு. 11 இன்ச் திரையை நடுவில் பிரித்து இரண்டு ஆப்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்தால், ஒவ்வொரு பாதியும் கிட்டத்தட்ட ஒரு 8 இன்ச் திரை.

"போனே 6.7 இன்ச் இருக்கிறதே, அப்புறம் 8 இன்ச் டேப் எதற்கு?" என்ற கேள்விக்கும் இதுதான் பதில். போன் ஒடுங்கி நீளமாக இருக்கும்; திரையின் அகலம் 7 செ.மீ.தான் வரும். 4:3 வடிவமுள்ள, அதாவது நீளம் 4 பங்கு என்றால் அகலம் 3 பங்கு இருக்கும், 8 இன்ச் திரையின் அகலம் 12 செ.மீ. பரப்பில் பார்த்தால் போனைப் போல 1.8 மடங்கு.

வடிவத்தையும் கவனியுங்கள். ஆண்ட்ராய்டு டேப்களில் பல 16:10, அதாவது நீளமானவை. ஐபேடுகள் கொஞ்சம் சதுரமாக, 4:3-ஐ ஒட்டி இருக்கும். ஐபேட் மினி மட்டும் 3:2 பக்கம் வரும். வீடியோவுக்கு நீளமானது வசதி. பக்கம் பக்கமாகப் படிக்கச் சதுரமானது வசதி.

படி 2: தாளை மடியுங்கள், அட்டையை வெட்டுங்கள்

முழு ஏ4 தாள் மூலைக்கு மூலை 14.3 இன்ச். ஒருமுறை மடித்தால் 10.1 இன்ச். இன்னொரு முறை மடித்தால் 7.1 இன்ச். மூன்று அளவையும் கையில் வைத்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் அட்டையில் திரையை வரையுங்கள். 4:3 வடிவத்தில் 8 இன்ச் என்றால் 16.3 × 12.2 செ.மீ., 11 இன்ச் என்றால் 22.4 × 16.8 செ.மீ. 16:10 வடிவத்தில் அதே 8 இன்ச் 17.2 × 10.8 செ.மீ., 11 இன்ச் 23.7 × 14.8 செ.மீ. சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் ஓரம் விட்டு வெட்டுங்கள். இதுதான் நீங்கள் வாங்கப்போகும் டேப்பின் உருவம்.

சின்ன அட்டையை ஒரே கையால் பிடித்துப் பாருங்கள். கட்டை விரல் ஒரு பக்கமும் மற்ற விரல்கள் மறுபக்கமும் எட்டுகின்றனவா? எட்டினால் பேருந்திலும் படுக்கையிலும் ஒரு கையில் வைத்தே படிக்கலாம். எட்டவில்லை என்றால் சின்ன டேப்பின் பெரிய வசதி ஒன்று உங்களுக்குக் குறைகிறது என்று அர்த்தம். அப்புறம், தினமும் எடுத்துப்போகும் பையில் இரண்டு அட்டைகளையும் போட்டுப் பாருங்கள். பெரிய அட்டைக்கு இடமில்லை என்றால் அந்த டேப் வீட்டோடுதான் இருக்கும். அது தப்பில்லை, ஆனால் தெரிந்தே வாங்குங்கள்.

படி 3: எங்கே உட்கார்ந்து பார்ப்பீர்கள் என்று எழுதுங்கள்

என்ன செய்வேன் என்று எழுத வேண்டாம். படிப்பேன், படம் பார்ப்பேன், மெயில் பார்ப்பேன் என்று எல்லாருமே எழுதுவார்கள். அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. எங்கே, எப்படி என்று எழுதுங்கள். படுத்துக்கொண்டு கையில் பிடித்தா, நாற்காலியில் மடிமேல் வைத்தா, மேசையில் ஸ்டாண்டில் நிறுத்தியா? இப்போது போனையோ லேப்டாப்பையோ எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்று நான்கைந்து நாள் கவனித்துக் குறித்தால் போதும்.

கையில் பிடிக்கும் நேரம் அதிகம் என்றால் சின்னது. மேசையில் நிற்கும் நேரம் அதிகம் என்றால் பெரியது. என்னைக் கேட்டால் மற்ற எல்லாக் காரணங்களையும்விட இதற்குத்தான் எடை அதிகம்.

படி 4: எடையைத் தூக்கிப் பாருங்கள்

2024-ல் வந்த ஐபேட் மினி 293 கிராம். சாதாரண 11 இன்ச் ஐபேட் 477 கிராம். 13 இன்ச் ஐபேட் ஏர் 600 கிராமைத் தாண்டும். சாம்சங்கில் 8.7 இன்ச் டேப் ஏ9 332 கிராம், 11 இன்ச் ஏ9 பிளஸ் 480 கிராம். 14.6 இன்ச் டேப் எஸ்9 அல்ட்ரா 700 கிராமுக்கும் மேலே. இவை எல்லாம் கவர் போடாத எடை. கீபோர்டு வைத்த கவர் போட்டால் சில டேப்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு கனத்துவிடும்.

அரைக் கிலோ என்ன கனம் என்று எண்ணாகப் பார்த்தால் தெரியாது. ஏறக்குறைய 500 கிராம் வரும் ஒரு புத்தகத்தைப் பெரிய அட்டையோடு சேர்த்து ரப்பர் பேண்டு போடுங்கள். 300 கிராம் புத்தகத்தைச் சின்ன அட்டையோடு. இப்போது ஓரத்தைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் படிப்பதுபோல உட்காருங்கள், அப்புறம் படுத்துப் பாருங்கள். புத்தகத்தை நடுவில் தாங்கிப் பிடிப்பது எளிது. டேப்பில் நடுவில் திரை இருப்பதால் ஓரத்தைத்தான் பிடிக்க முடியும். எடை முழுவதும் மணிக்கட்டை முறுக்கும். அதனால்தான் அரைக் கிலோ புத்தகத்தைச் சிரமமில்லாமல் படிப்பவர்களுக்குக்கூட அரைக் கிலோ டேப் கை வலிக்கிறது. மூட்டு வலி உள்ள பெரியவர்களுக்கு வாங்குகிறீர்கள் என்றால் இந்தப் படியை அவர்களையே செய்யச் சொல்லுங்கள். பெரிய திரைதான் அவர்கள் கண்ணுக்கு நல்லது என்றால், கூடவே ஒரு நல்ல ஸ்டாண்டும் வாங்கிக் கொடுங்கள்.

படி 5: நீங்கள் படிப்பது எந்த வகை என்று பிரியுங்கள்

இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். மின்னூல், செய்தித் தளம், மெயில் போன்றவற்றில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தானாக மடிந்து திரைக்குள் அடங்கும். இவற்றுக்கு 8 இன்ச் தாராளம். கதை, கட்டுரை மட்டும் படிப்பவர்களுக்குச் சின்ன டேப்பைவிட நல்லது கிடையாது என்பேன்.

பிடிஎஃப் அப்படி இல்லை. ஏ4 தாளுக்காக அமைத்த பக்கம் அப்படியே சுருங்கும். 4:3 வடிவ 8 இன்ச் திரையில் முழுப் பக்கம் தெரிய வேண்டுமென்றால் அது 55 சதவீதத்துக்குச் சுருங்கும். 12 பாயிண்டில் (பாயிண்ட் என்பது எழுத்தின் அளவைச் சொல்லும் அலகு) அச்சிட்ட எழுத்து ஆறரை பாயிண்டாகிவிடும். 11 இன்ச்சில் 75 சதவீதம், அதாவது 9 பாயிண்டு. 13 இன்ச்சில் பத்தரையைத் தாண்டும், ஏறக்குறைய தாளில் படிப்பதுபோலவே.

தமிழில் படிப்பவர்கள் இதில் கூடுதலாக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஆங்கில எழுத்து ஏழு பாயிண்டிலும் ஓரளவு அடையாளம் தெரியும். தமிழில் ன, ண இரண்டையும் பிரிப்பது ஒரு சுழிதான். ணு, ணூ போன்றவற்றில் வித்தியாசம் இன்னும் நுட்பம். முதலில் மறைவது மெய்யெழுத்தின் மேல் இருக்கும் புள்ளி.

இதையும் வாங்காமலே சோதிக்கலாம். நீங்கள் அடிக்கடி படிக்கும் தமிழ்ப் பிடிஎஃப் ஒன்றைக் கம்ப்யூட்டரில் திறந்து, திரைமேல் ஸ்கேலை வைத்து, ஏ4 பக்கத்தின் அகலம் சரியாக 11.5 செ.மீ. வரும்வரை சுருக்குங்கள். அதுதான் 8 இன்ச் திரையில் தெரியப்போகும் அளவு. அப்புறம் 16 செ.மீ. வரை பெரிதாக்குங்கள், அது 11 இன்ச். கம்ப்யூட்டர் திரையில் எழுத்தின் கூர்மை கொஞ்சம் குறைவாகத் தெரியலாம், அளவை மட்டும் பாருங்கள். டேப்பைப் பிடிக்கும் தூரத்தில், வழக்கமாகப் போடும் கண்ணாடியோடு, ஒரு பக்கத்தை முழுவதும் படியுங்கள். இரண்டு வரி படித்துவிட்டுப் பரவாயில்லை என்று சொல்லாதீர்கள்.

பாடப் புத்தகம், படிவம், ஸ்கேன் செய்த பழைய நூல், இசைக்குறிப்பு என்று ஏ4 பக்கங்களோடுதான் உங்கள் பொழுது போகிறது என்றால் 11 இன்ச்சுக்குக் கீழே இறங்க வேண்டாம்.

படி 6: டைப் அடிப்பீர்களா, எழுதுவீர்களா?

சாதாரணக் கீபோர்டில் ஒரு கீயின் நடுவிலிருந்து அடுத்த கீயின் நடு வரை 19 மி.மீ. 11 இன்ச் டேப்பைப் படுக்கையாக வைத்தால், திரைக் கீபோர்டில் இதை ஒட்டிய அகலம் கிடைக்கும். பத்து விரலாலும் அடிக்கலாம். 8 இன்ச்சில் 15 மி.மீ.க்குக் கொஞ்சம் குறையும். அதில் டேப்பை நிமிர்த்திப் பிடித்து இரண்டு கட்டை விரலால் அடிப்பதுதான் சுகம். தமிழ்99 என்ற தமிழ்க் கீபோர்டு அமைப்பில் அடிப்பவர்கள் இன்னொன்றையும் யோசியுங்கள்: அதன் மேல் வரிசையில் ஆ முதல் ஞ வரை 12 எழுத்துகள். ஆங்கிலத்தில் பத்துதான். அதே அகலத்தில் இரண்டு கீ கூடுதலாக அடைய வேண்டும் என்பதால் ஒவ்வொன்றும் ஒடுங்கும்.

ஸ்டைலஸ் பேனாவால் எழுதுபவர்களுக்குச் சின்னத் திரையில் கை வைக்கவே இடம் போதாது. குறிப்பு கிறுக்க மட்டும் என்றால் அது போதும். வகுப்புக் குறிப்பு எடுக்க, படம் வரைய என்றால் பெரியதுதான்.

வீடியோ தனியாகப் பார்ப்பவர்களுக்கு எந்த அளவும் ஒத்துவரும். இரண்டு பேர் சேர்ந்து பார்ப்பதென்றால் பெரியது.

படி 7: அளவைத் தவிர வேறென்ன மாறுகிறது என்று பாருங்கள்

ஒரே பெயரில் இரண்டு அளவு விற்றால், உள்ளே இருப்பதும் ஒன்று என்று நம்பிவிடாதீர்கள். டேப் ஏ9-ஐயும் ஏ9 பிளஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். சின்னதில் 1340 × 800 பிக்சல், இரண்டு ஸ்பீக்கர். பெரியதில் 1920 × 1200, நான்கு ஸ்பீக்கர். ப்ராசஸரும் வேறு. திரை சின்னது என்றால் எழுத்து கூர்மையாகத் தெரியும் என்று பலர் நினைப்பது இங்கே பொய்யாகிறது: ஏ9-ல் ஒரு இன்ச்சுக்கு 179 பிக்சல், ஏ9 பிளஸில் 206. ஐபேட் மினியிலோ 326. எனவே இந்த எண்ணை ஒவ்வொரு மாடலுக்கும் தனியாகப் பாருங்கள். நிறையப் படிப்பவர்கள் 200-க்குக் கீழே போக வேண்டாம் என்பது என் கருத்து.

பேட்டரியைப் பற்றிக் கவலை வேண்டாம். பெரிய டேப்பில் பேட்டரி பெரிது, திரை இழுக்கும் மின்சாரமும் அதிகம். ஆக மணிக்கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். மினி முதல் 13 இன்ச் வரை எல்லா ஐபேடுகளுக்கும் ஆப்பிள் சொல்வது அதிகபட்சம் 10 மணி நேரம். பெரியது சார்ஜ் ஏறக் கொஞ்சம் அதிக நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

படி 8: முடிவெடுங்கள்

வீட்டில் ஏற்கெனவே லேப்டாப் இருக்கிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் சின்ன டேப்தான் சரி. பெரிய திரை வேண்டிய வேலைகளை லேப்டாப் பார்த்துக்கொள்ளும். போன் மட்டும்தான் இருக்கிறது, படிவம் நிரப்புவது முதல் பாடம் படிப்பது வரை டேப்பில்தான் நடக்க வேண்டும் என்றால் 11 இன்ச் வாங்குங்கள். 13 இன்ச்சும் அதற்கு மேலும், வரைபவர்களுக்கும் ஏ4 பக்கங்களில் குறித்துக்கொண்டே படிப்பவர்களுக்கும் மட்டும்.

இத்தனைக்குப் பிறகும் இரண்டும் சமமாகத் தோன்றினால், படி 4-ல் கை வலித்ததா என்பதை வைத்து முடிவெடுங்கள். வலித்தால் சின்னது. இல்லை என்றால் 11.

படி 9: வாங்கிய முதல் வாரம்

திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று வாங்கும்போதே கேளுங்கள். அந்த நாட்களில் படி 3-ல் எழுதிய இடங்களில் எல்லாம் டேப்பைப் பயன்படுத்துங்கள். எழுத்தின் அளவை முதல் நாளே உங்களுக்கு ஏற்றபடி அமைத்துவிடுங்கள். கம்பெனி வைத்துத் தந்த அளவில் பார்த்துவிட்டுத் திரை போதவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பெரிதாக்கிய பிறகு ஒரு பக்கத்தில் போனில் தெரியும் அளவுக்குத்தான் வரிகள் தெரிகின்றன என்றால், உங்களுக்கு அடுத்த அளவு வேண்டும். அதுவரை பெட்டியைக் கிழிக்காமல் வைத்திருங்கள். கீபோர்டு, பேனா போன்றவற்றை டேப்பை வைத்துக்கொள்வது என்று உறுதியான பிறகு வாங்கலாம், ஏனென்றால் கீபோர்டு கவர் அந்தந்த மாடலுக்குத்தான் பொருந்தும்.